குடிலில் விறகு

அரசுக் காட்டில் பனிச்சறுக்குத் தடங்கள் எல்லாம் வந்து கூடுகிற இடத்தில் ஒரு மரக் குடில் இருக்கிறது. அங்கே குளிர்காய்ந்தவர்கள், அடுத்து வருகிறவர்களுக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். வடக்கு மிச்சிகனில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன ஞாயிறு ஐலா கடைசிக் கட்டையையும் எரித்துவிட்டு, பிளக்க அலுப்புப்பட்டுக் கிளம்பிவிட்டாள். பாதி வழியில் எதிரே சறுக்கி வந்த கிழவர் ஆர்வோ மூச்சு வாங்க நின்றார்.

"உள்ள விறகு இருக்காம்மா? கோடாரி பிடிக்கிற கை இல்ல இது."

"நிறைய இருக்கு, போங்க."

மறுநாள் அவரை அணைந்த அடுப்பின் முன்னால் விறைத்துப்போய்க் கண்டெடுத்தார்கள். ஐலா வாய் திறக்கவில்லை. சாவு வீட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டு போனாள்.

இன்று கணவன் ரெய்னோ அவளை வற்புறுத்திக் கூட்டி வந்தான். இரவு விழுந்த பனியில் குடிலைச் சுற்றி ஒரு தடமும் இல்லை. உள்ளே கூரை வரைக்கும் விறகு, பிளந்த ஈரம்கூடக் காயாமல்.

"எந்தப் புண்ணியவானோ," என்று அடுப்பை மூட்டினான் ரெய்னோ. "நீ என்னைக்காவது கோடாரியத் தொட்டிருக்கியா?"

ஐலா வெளியே போய், உள்ளங்கை கொப்புளிக்கும்வரை பிளந்தாள். கை கொள்ளாத விறகோடு உள்ளே வந்தாள்.

"எங்க வைப்ப? நானும் போட்டுக்கிட்டேதான் இருக்கேன், குறையவே மாட்டேங்குது."

பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் பார்த்தாள். ஒரு சிராய் வைக்கக்கூட இடமில்லை.