பவுடர் படாத நெற்றி

விளம்பர இடைவேளை விட்டதும் ஒப்பனைக்காரி பவுடர் பஞ்சோடு மேடையேறுகிறாள். ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் பொருளாதார நிபுணரின் நெற்றியில் எண்ணெய் வழிகிறது. அரைமணி நேரமாக அவர் பாடுவது ஒரே பாட்டு: மூழ்கும் வங்கியை மக்களின் வரிப்பணத்தால் தூக்கிவிட வேண்டும், பயந்துபோய்த் தங்கம் வாங்குகிறவன் நாட்டுக்குத் துரோகி. அதே வங்கிதான் போன மாதம் அவளுடைய அண்ணனின் லேத் பட்டறைக்குப் பூட்டுப் போட்டது. அவனைத் தூக்கிவிட நாதியில்லை. அவள் பஞ்சை நெற்றிக்குக் கொண்டுபோகும்போது நிபுணர் கைபேசியில் மனைவியிடம் கிசுகிசுக்கிறார். "பேங்க்ல ஒரு பைசா வைக்காதே. எல்லாத்தையும் எடுத்து இன்னிக்கே தங்கமா வாங்கிடு." எதிரே நிற்பவளுக்கும் காது உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பஞ்சு நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னால் அப்படியே நிற்கிறது. டப்பாவைப் பட்டென்று மூடிவிட்டு இறங்குகிறாள். நிகழ்ச்சி மீண்டும் தொடங்குகிறது. "பேங்கை நம்புங்க" என்கிறார் நிபுணர். திரை முழுக்க அவர் நெற்றி. கேமராக்காரன் அவள் பக்கம் திரும்பிப் பதறுகிறான். "அக்கா, மூஞ்சி பளபளங்குதே! பவுடர் போடலையா?"

"தங்கமாச்சே தம்பி," என்கிறாள் அவள். "நல்லா மின்னட்டும்."