டோரதி டீச்சரின் திட்டுப் பாடம்

"பச்சையம்மா, எனக்குத் திட்டக் கத்துக் குடு."

டீச்சர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்த மீன்காரி பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள். டோரதி டீச்சரா இப்படிக் கேட்பது? மீன் நாறுகிறது என்று சொல்ல வாய் வராமல், காசு கொடுத்து வாங்கிக் காக்கைக்குப் போடுகிற அம்மாளாயிற்றே!

"இன்னா டீச்சரம்மா, வெளாட்றியா?"

"நிஜமாத்தான். ஒருத்தன் பெண்சாதியைப் போட்டு மாட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறான். நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கணும்னா எனக்கு 'மூடன்', 'முரடன்', அதுக்கு மேலே ஒண்ணும் வரலை. எல்.டி. டீச்சர் பரீட்சை பாஸ் பண்ணி என்ன பிரயோசனம்?"

பச்சையம்மாவுக்குச் சுரீர் என்றது. அடப்பாவி, டீச்சரம்மாவையா அடிக்கிறான்? கோட்டும் சோலாத் தொப்பியுமாகக் குனிந்த தலை நிமிராமல் ஆபீஸ் போய் வருகிற அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் ஐயாவா? பூனை மாதிரி இருந்துகொண்டு இந்த வேலையா செய்கிறான் மனுஷன்!

"மூடனா? அதைக் கேட்டா மாலை போட்டாங்கன்னு நெனைச்சுக்குவான். எங்கே சொல்லு, கஸ்மாலம்!"

"கஸ்... மாலம்."

"ஜெபம் பண்ற மாதிரி சொல்றியே! அடிவயித்துலேர்ந்து வரணும். பேமானி! கட்டையில போறவனே! பொம்பளை மேல கை வெக்கிறியே, அந்தக் கை புழுத்துப் பூடும்டா!"

டோரதி கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்த்தாள். "கட்டையில போறவரே" என்றுதான் வந்தது.

பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி இன்னாத்துக்கு வாயைக் குடுத்துக்கீது? அடிச்சா வாங்கிக்கினு கம்முனு கெடக்கவா? நானா இருந்தா அவனை நடுத்தெருவுல நிக்க வெச்சு நாறடிச்சிருப்பேன்!"

அந்த நேரம் பார்த்து, லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கி நடந்து வந்த ஆம்ப்ரோஸ் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

அதற்கு மேல் பாடம் நடத்தப் பச்சையம்மாவுக்குப் பொறுமை இல்லை. கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வாய்யா பெரிய மனுசா! தொப்பி ஒரு கேடா உனக்கு? கட்டினவளை அடிக்கிற கஸ்மாலம், நீயெல்லாம் ஒரு ஆம்பளை! சோறு துன்றியா, வேற எதுனா துன்றியா?"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். செய்த குற்றம் என்ன என்று பாவம் அவருக்குத் தெரியவில்லை.

"ஐயோ, இவர் இல்லை, பச்சையம்மா!" டோரதி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இவரு இல்லியா? பின்னே எவன் அவன்? பேரைச் சொல்லு, நானே போய்க் கேக்குறேன்!"

டோரதி குரலைத் தாழ்த்தினாள்.

"உன் வீட்டுக்காரன் தேசப்பன்தான். எங்க மாடி ஜன்னலுக்கு நேர் கீழேதானே உங்க குப்பம்? அவன் அடிக்கிறபோதெல்லாம் உன் அழுகை மட்டும்தான் கேட்குது, இந்தத் திட்டுலே ஒரு வார்த்தைகூடக் கேட்கலை. அதான், நானாவது கத்துக்கிட்டுப் போய்க் கேட்கலாம்னு பார்த்தேன்."