பாண்டாவா, கழுகா?

"பாண்டாவா, பிணந்தின்னிக் கழுகா? அடுத்த மாசத்திலேர்ந்து ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்க முடியும்," என்றார் உயிரியல் பூங்காவின் மேலாளர். "நீதான் விலங்கியல் படிச்சவ. எதுக்கு ஆபத்து அதிகமோ அதை வச்சுக்கலாம். சொல்லும்மா."

பரீட்சைக் கேள்வியாக இருந்தால் அவள் பளிச்சென்று சொல்லியிருப்பாள். இரண்டுமே முதுகெலும்புள்ளவை. வகுப்பில்தான் பிரிகின்றன, ஒன்று பாலூட்டி, மற்றது பறவை. ஆனால் இது பரீட்சை இல்லையே.

"பாண்டாவையே வச்சுக்கங்க சார்," என்றார் பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் அண்ணன். "பிள்ளைங்க அதுக்கு உசுரை விடுது. கழுகைக் கண்டா அம்மா பின்னாடி ஒளியுது."

"நான் அவளைக் கேட்டேன்ப்பா."

அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டினால் போதும். பொய்கூட இல்லை. ஆனால் சார் கேட்டது ஆபத்தைப் பற்றி. அவள் குழம்பித் தவித்தாள்.

"பாண்டா அழிய வாய்ப்புள்ள இனம் சார்," என்றாள் கடைசியில். "இந்தக் கழுகு அதைவிட ரெண்டு படி மோசம். மிகவும் அருகிப்போன இனம்."

"அப்ப கழுகே இருக்கட்டும்." மேலாளர் குறித்துக்கொண்டு எழுந்து போனார்.

செய்தது சரியா தப்பா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. மடியிலிருந்த பாண்டாவின் தலையை மேஜைமேல் வைத்துவிட்டு, கறுப்பு வெள்ளை உடுப்பின் ஜிப்பை இறக்கினாள். பூங்கா வாசலில் வேஷம் கட்டிக் கைகுலுக்கும் வேலை இனி ஒருவருக்குத்தான்.

இறக்கைகளைக்கூடக் கழற்றாமல் அண்ணன் நின்றார். "உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்கிட்டியேம்மா. இனி என்ன பண்ணுவே?"

"தெரியலண்ணே," என்றாள். "ஆனா பாண்டா இப்ப கொஞ்சம் தேறிட்டு வருது."