மெர்சியின் நாற்காலி

பக்கத்து மேசை மெர்சி தன் சுழல் நாற்காலியில் திரும்பும்போதெல்லாம் கமலக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. அவருடையது ஆடும் மரநாற்காலி. ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருந்தார். இத்தனைக்கும் அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள் அவள். அரசாங்கப் பொருள்களைச் சீராகப் பராமரிக்க லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு கணினித் திட்டம் வந்தபோது, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி அதன் நிலையைப் பதிவுசெய்யும் வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். மெர்சி சாப்பிடப் போன நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அரைச்சுற்று சுற்றினார். அது முனகக்கூட இல்லை. எழுந்து, ‘உபயோகமற்றது’ என்று போட்டார். தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் அதற்கு ‘மிக நன்று’ போட்டார். இனி ஸ்டூலில் உட்காரட்டும் மகாராணி.

மறுவாரம் மெர்சியின் நாற்காலியைப் பின்புறக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே, தலைசாய்க்க மெத்தை வைத்த புதியது ஒன்று அவளுக்கு வந்து இறங்கியது. உபயோகமற்றதற்குப் பதிலாகப் புதியது தரவேண்டும் என்று திட்டத்திலேயே இருந்ததாம்.

“எல்லாம் உங்க புண்ணியம் சார்,” என்றாள் மெர்சி, பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டே. “உங்களுக்கும் ஒண்ணு கேட்டுப் பார்த்தேன். உங்க நாற்காலி இன்னும் பத்து வருஷம் தாங்கும்னு கம்ப்யூட்டர் சொல்லுது.”

ஜன்னலுக்கு வெளியே, கொட்டகையில் கிடந்த பழைய நாற்காலியில் ஒரு பூனை தாவி ஏறிப் படுத்தது. நாற்காலி மெல்லச் சுழன்று அவர் பக்கம் திரும்பி நின்றது.