முப்பது மீட்டர்

“தண்ணி எங்கேயோ கிடக்கு. நீங்க இந்தப் பொட்டல்ல நின்னுக்கிட்டு இதுதான் கரைங்கறீங்களே, நியாயமா சார்?”

டெய்லரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் தைக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷ ஆசை.

சர்வேயர் அசரவில்லை. ஊரில் அவருக்கு ‘முப்பது மீட்டர்’ என்றே பெயர்.

“கரைன்னா தண்ணி இருக்கிற இடமில்லம்மா, எப்பவோ வந்து நின்ன இடம். இதோ, இந்தக் கல்லு. இதுலேர்ந்து முப்பது மீட்டர் தள்ளித்தான் வீடு கட்டணும். நாளைக்கு வந்து கோடு போடறேன்.”

நடுவில் தேய்ந்துபோன நீளக் கல்.

அவர் தலை மறைந்ததும் அவளும் வீட்டுக்காரரும் கடப்பாரை போட்டு நெம்பி, கல்லை இருபதடி ஏரிப் பக்கம் புரட்டினார்கள். பள்ளத்தை மூடிச் சருகு தூவினாள். தெரியாமல் ஒட்டுப்போடுவது அவளுக்குக் கைவந்த கலையாயிற்றே!

மறுநாள் அவர் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து, சருகின் மேல் நின்று டேப்பைப் பிடித்தார்.

“சார், கல்லு அங்கே இருக்கு!”

“கல்லு அங்கே இருக்கும்மா. கரை இங்கேதான் இருக்கு.”

‘கல்நெஞ்சக்காரன்’ என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டினாள். ஜன்னலில் ஏரி கைக்குட்டை அளவுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பொட்டலைக் காணோம். கல்லைக் காணோம். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். அவ்வளவு பெரிய ஏரி, சத்தமே போடாமல் எழுந்து வந்து, அவள் வாசலுக்கு நாலடி முன்னால் நின்றிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைகள் தாமாகக் குவிந்தன. யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருபதடி முன்னால் கட்டியிருந்தால்?

தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளப் பின்பக்கத் தெரு வழியாக வந்தார் சர்வேயர்.

“கல்லை நகர்த்தினது நாங்கதான் சார்” என்றாள், தலைகுனிந்தபடி. “ஆனா, கல்லு இல்லாம அந்த இடத்தை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

அவர் கண்ணெடுக்காமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சின்னப் பையனா இருந்தப்போ, ஏரி எங்க வீட்டை அப்படியே எடுத்துக்கிட்டு அந்தக் கல்லோட நின்னுடுச்சும்மா. சொந்த வீட்டு வாசப்படி எங்கே இருந்துச்சுன்னு காலுக்குத் தெரியாதா?”