தலையும் வாயும்

"தலை தள்ளுற காற்றை வாய் தாங்குதில்லை, தம்பி. இண்டைக்கும் சரிவராது போலக் கிடக்கு" என்றான் இளையதம்பி.

வாங்குப் பலகையில் சாய்த்து வைத்திருந்த சிலிண்டரிலிருந்து 'சீ' என்று காற்றுச் சீறிக்கொண்டிருந்தது. சிலிண்டரின் கழுத்தில் பூட்டும் பித்தளைக் குமிழுக்குத் தலை என்றும், கடலடியில் பல்லால் கடித்து மூச்சு இழுக்கும் துண்டுக்கு வாய் என்றும் இவர்கள் இருவரும்தான் பெயர் வைத்திருந்தார்கள். நடுவே ஒரு ரப்பர் குழாய். தலை இளையதம்பியுடையது, பிரான்சில் செய்தது. வாய் ஏரம்புவுடையது, அமெரிக்கச் சாமான்.

அறுபத்து மூன்றாம் ஆண்டில், மூழ்கிய கப்பல் ஒன்றைத் தேடி வெள்ளைக்காரர் சிலர் முல்லைத்தீவுக் கடற்கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். இளையதம்பி அவர்களுக்கு மெக்கானிக். ஏரம்பு அவர்களோடு கடலில் இறங்கியவன். கப்பல் கிடைக்கவில்லை. போகும்போது மிஞ்சிய சாமான்களை வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"உன்ர வாய்க்கு ஜோடியாய் ஒரு தலை இருந்ததெல்லோ? அது எங்கை?"

"அதைத் துரை தன்னோட கொண்டு போட்டார், அண்ணை."

"விசரன். வாயைத் தந்திட்டுத் தலையைக் கொண்டு போறவனும் இருக்கிறானே."

ஜெமீல் முதலாளியின் புது வள்ளத்து எஞ்சின் கழன்று கடலில் விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தால் அந்த வள்ளத்திலேயே தனக்கு நிரந்தர வேலை என்று ஏரம்பு சொல்லியிருந்தான். வாடைக் காற்றுத் தொடங்கினால் எஞ்சினை மண் மூடிவிடும். அதைச் சொல்லித்தான் அவன் சிலிண்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பின்னேரம் தவறாமல் தண்ணீரூற்றில் இருந்த இளையதம்பி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பூட்டுவார்கள், சீறும், கழற்றுவார்கள். இப்படிச் சீறினால் பாதி வேலையில் காற்று முடிந்துவிடும். பிறகு எஞ்சினை விட்டுவிட்டு ஆளைத் தேட வேண்டியதுதான்.

"சீறினாலும் பரவாயில்லை எண்டு ஒருக்கா இறங்கிப் பாக்கட்டோ, அண்ணை?"

"செத்துப் போவாய். பேசாமல் இரு."

இளையதம்பியின் தங்கை விமலேஸ்வரி குசினியிலிருந்து தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டில் அண்ணனும் அவளும்தான்.

இளையதம்பி பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பழைய கதைக்குப் போய்விட்டான்.

"முதல் நாள் தண்ணிக்குள்ள மூச்சு விட்டிட்டு மேல வந்து நீ அழுதது ஞாபகம் இருக்கே?"

"அழேல்லை. சிரிச்சனான்."

"அழுதனி. மீனெல்லாம் என்னை ஒரு ஆளெண்டே மதிக்கேல்லை எண்டு சொல்லிச் சொல்லி அழுதனி."

இருவரும் சிரித்தார்கள். கூடாரத்தில் தின்ற தகரப் பேணி மீன், துரையின் உடைந்த தமிழ், கப்பல் கிடைக்காத கவலையிலும் ஒவ்வொரு நாளும் கேட்ட பாட்டுச் சத்தம் என்று பேச்சு வளர்ந்தது. அது போல ஒரு வருடம் இனி வராது என்று இருவருக்குமே தெரியும். கூடாரம் இல்லாத கடற்கரையைப் பார்க்க மனமில்லாமல் இளையதம்பி அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

"சரி, இது பொருந்தினாலும் நீ கீழ இறங்கேக்கை மேல நிண்டு உனக்குக் கயிறு ஆர் பிடிக்கிறது?" என்றான் இளையதம்பி.

ஏரம்பு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எங்கட ஆக்கள் சங்கு குளிக்கப் போனால் பெண்சாதியின்ர தமையன்ர கையிலைதான் கயிறைக் குடுப்பினம். தங்கச்சி தாலி அறுக்க விடமாட்டான் எண்ட நம்பிக்கை."

"உனக்குத்தான் பெண்சாதி இல்லையே."

"அதுதான் அண்ணை... கயிறை நீங்கள் பிடிப்பியளோ?"

குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. இளையதம்பி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சீதனம் எண்டு தர என்னட்டை ஒண்டுமில்லை, ஏரம்பு."

"ஆர் கேட்டது?"

இளையதம்பியின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து, தலையின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினான். சீறல் நின்றது. வாயைக் கையில் எடுத்து ஏரம்பு ஒரு மூச்சு இழுத்தான். காற்று அமைதியாக வந்தது.

"என்னண்ணை இது?"

"முதல் நாளே பிழை எங்கையெண்டு கண்டிட்டன். உடனை சரியாக்கித் தந்திருந்தால் நீ பிறகு இந்தப் படலையைத் திறந்திருப்பியோ? சீதனம் இல்லாத வீட்டிலயிருந்து நான் ஆரிட்டைப் போய் மாப்பிள்ளை கேக்கிறது? நீயாக் கேக்கட்டும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் ஆணியை இறுக்கி விட்டனான். நீ தேத்தண்ணியைப் பாக்கிறனியோ, கொண்டு வாறவளைப் பாக்கிறனியோ எண்டு எனக்குத் தெரியாதோ?"

ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"விடிய நானே கயிறோட கடற்கரைக்கு வாறன். வாடைக்கு முன்னம் எஞ்சினை எடுத்துப்போடுவம்."

"நாளைக்கோ?" என்று ஏரம்பு தடுமாறினான்.

"ஓம், மச்சான். இனி ஏன் சுணங்கவேணும்?"

மறுநாள் விடியக் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இளையதம்பி போய்ச் சேர்ந்தபோது ஏரம்புவைக் காணவில்லை. ஜெமீல் முதலாளியின் வள்ளம் மட்டும் எஞ்சின் படபடக்கக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"புது எஞ்சின் வாங்கிட்டியளோ, முதலாளி?"

"இல்லைத் தம்பி, கடலுக்குள்ள விழுந்த அதே எஞ்சின்தான்" என்றார் ஜெமீல். "போன மாசமே எங்கட ஏரம்பு எடுத்துத் தந்திட்டான். துரை குடுத்த ஜோடித் தலையும் வாயும் அவனிட்டை இருக்குதெல்லோ, ஒரு சீறல் இல்லை. ஆனா வேலைக்கு வந்த நாள் துவக்கம் பின்னேரத்தில ஆளைப் பிடிக்கேலாது. தண்ணீரூற்றுப் பக்கம் ஏதோ திருத்த வேலையாம்."