பேரில்லாத சேனல்

"டிவிக்குள்ள இருக்கறவங்களும் நம்மளப் பாப்பாங்களா அத்தை?" என்று சின்ன வயதில் கேட்டேன்.

"பாக்கட்டுமேடி. அவங்களுக்கும் பொழுது போக வேண்டாமா?" என்றார் கீழ்வீட்டுத் தையல்கார அத்தை.

அப்போது எங்கள் வீட்டில் டிவி இல்லை. நான் வெளியே நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அவர் தன் டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அத்தை இறைவனடி சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

போன வாரம் எங்கள் செட்டாப் பாக்ஸ் பழுதானது. கேபிளை நேராக டிவியில் செருகி, தானாகச் சேனல் தேட விட்டேன். செய்தி, பாட்டு, சமையல் எல்லாம் வந்தன. கடைசியாகப் பேரில்லாத ஒன்று வந்தது. அதில் மெஷின் முன்னால் அத்தை உட்கார்ந்திருந்தார். சத்தம் இல்லை. கழுத்தை நீட்டி எங்கள் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவருக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. "சிக்னலே இல்ல. அழிச்சிடு, சும்மா இடத்த அடைக்குது."

"ஏங்க, அது உங்க தலைமேலயா உக்காந்திருக்கு? இருந்துட்டுப் போகட்டும்."

அவர் வேலைக்குக் கிளம்பியதும் அந்தச் சேனலை வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் அத்தைக்கு எங்கள் சோபாவும் வெற்றுச் சுவரும்தான் தெரியும். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலைத் திறந்தேன். டிவியை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில், கூடத்திலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.